புது பெர்ஃபாமன்ஸ் டயர்: பின்பக்க நெளிவு எப்போது குறையும்?

வணக்கம் நண்பர்களே. ரியர் வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் காரில் நான்கு டயரும் புதுசு. முன்னால் 235/40 ஆர்18, பின்னால் 265/35 ஆர்18. 300 கி.மீ. தாண்டியும், சட்டென்று லேன் மாறினால் ஸ்டியரிங் திரும்பி ஒரு கணம் கழித்துத்தான் பின்பக்கம் வந்து உட்காருகிறது. நேர் ரோட்டில் தொந்தரவே இல்லை.

கழற்றிய டயரில் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் உயரம்) 2 மி.மீ. இருந்தது, இதில் 7 மி.மீ.க்கு மேல். உயரமான ரப்பர் கட்டைகள் பக்கவாட்டு விசையில் வளைவதால் கொஞ்சம் நெளிவது இயல்புதான். மேல்தோலின் வழவழப்பு சில நூறு கி.மீ.யில் போய்விடும்; பட்டன் உயரத்தால் வருவது தேயத் தேயத்தான் குறையும். ஆனால் இது அதையும் தாண்டிய அலைச்சலாகத் தோன்றுகிறது.

காற்று, வண்டி ஓடாத நிலையில் முன் 33, பின் 35 பிஎஸ்ஐ. சூடானதும் 4 ஏறுகிறது. வீல் நட்டுகளை 100 கி.மீ.யில் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்த்தாயிற்று. மாட்டும்போது பூசிய சோப்பு காயும் முன் பலமாக பிரேக் போட்டால் ரிம்மில் டயர் நழுவி பேலன்ஸ் கெடும். அதற்காக வால்வுக்கு நேரே போட்ட சாக்பீஸ் கோடு நகரவில்லை.

என் சந்தேகம் பின் சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மேல்தான். டோ-அவுட் பக்கம், அதாவது சக்கரங்களின் முன்பகுதி வெளியே பார்த்தபடி போயிருந்தால் இதே குணம் வரும். இப்போதே அலைன்மென்ட் பார்ப்பதா, 500 கி.மீ. வரை பொறுப்பதா? பின்னால் 2 பிஎஸ்ஐ ஏற்றிப் பலன் கண்டவர்கள் உண்டா? டயர் அளவு, காற்று, பின் டோ மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.