தோட்டத்து வீட்டுக் குழு: கார்த்தி வண்டி இன்ஷூரன்ஸ்

மாலை 6.41, சுமதி: கார்த்தி வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இன்றைக்கு ராத்திரி 12 மணியோடு முடிகிறதாம். இப்போதுதான் வாயைத் திறக்கிறான். 22,300 காட்டுகிறது. போன வருஷம் 13,900தான் கட்டினோம். மணி அண்ணா, கொஞ்சம் பாருங்க.

6.42, செல்வி அத்தை: நாளைக்குக் கோபிசெட்டிபாளையம் போக அந்த வண்டிதானே?

6.42, சுமதி: ஆமாங்க நங்கை. நிச்சயத் தட்டு எல்லாம் அதில்தான்.

6.44, பெரியப்பா: ராக்கெட் வாங்கினால் ராக்கெட் செலவு. ஆல்டோ போதும் என்று அன்றைக்கே சொன்னேன்.

6.44, கார்த்தி: ஐ20 என் லைன் பெரியப்பா. ராக்கெட் இல்லை

6.45, கார்த்தி: ஆல்டோவில் உங்களுக்குக் கால் நீட்ட முடியுமா

6.45, தீபா: 😂

6.58, மணி மாமா: சுமதி, பதறாதே. தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது நாம் இடித்து அடுத்தவருக்கு வருகிற நஷ்டத்துக்கு, வேகம் கணக்கே இல்லை, இஞ்சின் அளவு சிசிதான் கணக்கு. இவன் வண்டி டர்போ, 120 குதிரை சக்தி, ஆனால் இஞ்சின் 998 சிசி. ஆயிரத்துக்குள் இருப்பதால் 2,094 ரூபாய்தான். 2022 ஜூனில் வைத்த கட்டணம். ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிச் சேதத்துக்கான பகுதிக்கு ஐடிவி (வண்டியின் இன்றைய மதிப்பு), வண்டி வயசு, ஊர், சிசி எல்லாம் பார்ப்பார்கள். அதற்கு மேல் அந்த மாடலுக்கு எவ்வளவு க்ளெய்ம் வருகிறது என்று பார்த்துக் கம்பெனிக்காரர்கள் தள்ளுபடியைக் கூட்டிக் குறைப்பார்கள். பில்லை முழுசாக அனுப்பு, சொல்கிறேன்.

6.59, பெரியப்பா: என் பொலிரோவுக்கு எவ்வளவு?

7.00, மணி மாமா: 1,493 சிசி. 3,416.

7.00, பெரியப்பா: அது என்ன நியாயம்? நான் 40ல் போகிறேன்.

7.01, கார்த்தி: 🙏🙏

7.02, செல்வி அத்தை: பூ யார் வாங்குகிறீர்கள்? மல்லிகை இன்றைக்கே சொல்லி வைக்க வேண்டும்.

7.09, மணி மாமா: பில் பார்த்துவிட்டேன். ஏறியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, 2018 செப்டம்பரிலிருந்து புதுக் கார் எடுக்கும்போதே மூன்று வருஷத் தேர்ட் பார்ட்டி சேர்த்துக் கட்ட வேண்டும், அது சுப்ரீம் கோர்ட் உத்தரவு. அதனால் போன இரண்டு தடவை அது உங்கள் பில்லில் இல்லை. இப்போது வந்து சேர்ந்திருக்கிறது, 18 சதவீத ஜிஎஸ்டியோடு. இரண்டாவதுதான் பெரிசு. க்ளெய்ம் போடாதவனுக்குத் தருகிற தள்ளுபடி, என்சிபி, பூஜ்யம். க்ளெய்ம் போட்டது யார்?

7.10, கார்த்தி: பம்பர் மாமா

7.10, கார்த்தி: பில் 7,400. நம் பங்கு ஆயிரம் போக மீதி வந்துவிட்டதே, லாபம்தானே

7.15, மணி மாமா: லாபமா? முதல் வருஷம் க்ளெய்ம் இல்லையென்றால் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50. உனக்கு இந்தத் தடவை 35 வரவேண்டியது. ஓன் டேமேஜ் 11,000 என்று வை, 3,850 போச்சு. அடுத்த வருஷம் 45க்குப் பதில் 20, அதற்கடுத்தது 50க்குப் பதில் 25. கூட்டிப் பார், உனக்கு வந்த 6,400ஐத் தாண்டும். பம்பர் கீறலுக்கெல்லாம் கைக்காசு போட வேண்டும்.

7.16, பெரியப்பா: எங்கே இடித்தான்?

7.17, சுமதி: உங்கள் கேட்டுத் தூணில்தான்.

7.19, பெரியப்பா: தூண் 2009இல் இருந்து அங்கேதான் இருக்கிறது.

7.19, செல்வி அத்தை: பாகம் பிரிக்கும்போது அரையடி உள்ளே இருந்தது

7.20, பெரியப்பா: சர்வேயர் அளந்து வைத்த கல் அது செல்வி.

7.20, தீபா: அப்பா, இப்போது வேண்டாம்.

7.24, தீபா: இங்கே லெஸ்டரில் பக்கத்து வீட்டுப் பையன் 19 வயசு. கோல்ஃப் ஜிடிஐ வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். இன்ஷூரன்ஸுக்கு வண்டிகளை ரிஸ்க் பார்த்துப் பிரிக்கிறார்கள், இந்த மாதிரி வண்டியெல்லாம் மேலே இருக்கும். வயசும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். பிரீமியம் பார்த்துவிட்டு அடங்கிவிட்டான். அவன் அப்பா தன் பெயரில் எடுத்துத் தருகிறேன் என்றார். அப்படி எடுத்து மகன்தான் தினமும் ஓட்டினால் இங்கே மோசடி. க்ளெய்மும் போய்விடும்.

7.25, சுமதி: ஐயோ. வண்டி இவன் அப்பா பெயரில்தானே இருக்கிறது.

7.26, மணி மாமா: நம் ஊரில் அது பரவாயில்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிற யார் ஓட்டினாலும் கவர் உண்டு. ஓட்டுகிறவன் வயசைக் கேட்பதில்லை.

7.27, செல்வி அத்தை: ரேஸ் ஓட்டினாலும் உண்டா? போன மாசம் செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டுகிற மாதிரி ஸ்டேட்டஸ் வைத்திருந்தானே.

7.27, சுமதி: என்ன டிராக்?

7.28, சுமதி: எனக்கு அந்த ஸ்டேட்டஸ் வரவே இல்லையே.

7.28, கார்த்தி: அத்தை 😐

7.29, பெரியப்பா: கரி மோட்டார் ஸ்பீட்வே, ரேஸ் டிராக். போஸ்டர் ஒட்டாத குறைதான்.

7.36, மணி மாமா: கார்த்தி, பாலிசி பேப்பரில் வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி இருக்கும். ரேஸ், வேகச் சோதனை இரண்டும் அதில் சேராது என்று எழுதியே இருக்கிறது. டிராக்கில் சுவரில் உரசினால் ஒரு பைசா வராது. சரி, வேறு ஏதாவது மாற்றி வைத்திருக்கிறாயா? உண்மையைச் சொல்.

7.41, கார்த்தி: ரீமேப் மட்டும்

7.41, சுமதி: அது என்ன?

7.42, கார்த்தி: சாஃப்ட்வேர்தான் அம்மா. போனுக்கு அப்டேட் போடுவதில்லையா

7.45, மணி மாமா: போன் அப்டேட் இல்லை. இஞ்சின் எவ்வளவு பெட்ரோல் குடிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதையே மாற்றுவது. கம்பெனிக்கு எழுத்தில் சொல்லாமல் செய்திருந்தால், பெரிய விபத்தில் இன்ஷூரன்ஸ் சர்வேயர் அதைத்தான் முதலில் பிடிப்பான். கம்பெனி கையை விரிக்க அது போதும். 22,300 கட்டியும் பாதி வெற்றுக் காகிதம்.

7.46, பெரியப்பா: பழையபடி மாற்றினால் நான் பாதி தருகிறேன்.

7.46, சுமதி: நீங்கள் தர வேண்டாம்.

7.47, பெரியப்பா: தம்பி பையனுக்குக் கொடுக்கிறேன். உனக்கு என்ன?

7.52, மணி மாமா: இன்றைக்கே கட்டுங்கள். நாளைக்கு விட்டால் வண்டியை ஆய்வு செய்துதான் ஓன் டேமேஜ் தருவார்கள். ரோட்டில் பிடித்தால் முதல் தடவை 2,000 அபராதம், யாரையாவது இடித்தால் கோர்ட்டில் தோட்டத்தையே எழுதித்தர வேண்டி வரும். வண்டி முழுசாகப் போனால் வாங்கிய பில் விலையைத் தருகிற ரிட்டர்ன் டு இன்வாய்ஸை நீக்கிவிடு. தேய்மானம் கழிக்காமல் தருகிற ஜீரோ டெப்பை விடாதே, அது இல்லையென்றால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக்குக்குப் பாதிதான் தருவார்கள். இஞ்சின் புரொடெக்டும் இருக்கட்டும். மழையில் கோவை லங்கா கார்னர் பாலத்தடியில் இறக்கி இஞ்சினுக்குள் தண்ணீர் போனால் சாதா பாலிசியில் வராது.

7.53, கார்த்தி: இப்போ 19,600 காட்டுது

7.54, சுமதி: ஓடிபி உன் அப்பா போனுக்குத்தான் வரும். எடுக்க மாட்டேன் என்கிறார்.

7.54, கார்த்தி: மோட்டார் போடப் போனார். போன் கட்டில் மேல கிடக்கு

7.55, மணி மாமா: அப்போ ஓடிபியை எடுத்துப் போடு.

7.56, கார்த்தி: லாக் போட்டிருக்கார்

7.58, தீபா: சித்தப்பா பிறந்த வருஷம்தான் பின் நம்பர்.

7.58, பெரியப்பா: அவன் எந்த வருஷம் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது.

8.04, செல்வி அத்தை: வண்டி வருமா வராதா? இல்லையென்றால் பொலிரோவில் தட்டு ஏற்றிக்கொள்கிறோம்.

8.05, பெரியப்பா: பொலிரோவில் எரு மூட்டை கிடக்கிறது. காலையில்தான் இறக்க முடியும்.

8.05, செல்வி அத்தை: இப்போதே இறக்கிக் கழுவுங்க. மல்லிகை இரண்டு முழம் போதுமா?