பிரிண்டர் ட்ரம்மில் வெயில் பட்டால் பட்டை விழுவது ஏன்?

முறிகண்டியான்:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் சின்னதாகப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். லேசர் பிரிண்டருக்கு டோனர் நிரப்ப வந்தவர் அந்தப் பச்சை ட்ரம்மைக் கழற்றிக் கதவடி மேசையில் மத்தியான வெயிலில் போட்டுவிட்டு வேலை பார்த்தார். திருப்பிப் பூட்டி அடித்தால் தாளுக்குக் குறுக்கே சாம்பல் பட்டை, அடிமட்டம் வைத்துப் பார்த்தால் 75 மில்லிமீற்றருக்கு ஒன்று. ட்ரம் போச்சு, புதிது போடு என்கிறார். ஆனால் விடியப் பார்த்தால் பட்டை பாதி மங்கியிருக்கிறது. வெயில் பட்டதை இரவு முழுக்க அது எப்படி வைத்திருந்தது? உயர்தர வினாத்தாள் ஓடர் கிடக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கனகராயன்:
தம்பி, அவசரப்பட்டு எறிய வேண்டாம். ட்ரம் என்பது அலுமினியக் குழாய், மேலே சேதனப் படலம். அடியில் ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவான நிறப்பொருள் படை, பெரும்பாலும் தலோசயனின், அந்தப் பச்சை அதுதான். அதற்கு மேல் 25 மைக்ரோமீற்றர் அளவில் பொலிகாபனேற் கலந்த கடத்தும் படை. இருட்டில் இது காவலி மாதிரி, அதனால் மேற்பரப்பில் ஏற்றிய −600 வோல்ற்று அளவு அப்படியே நிற்கும். கணக்குப் போட்டுப் பாரும், மீற்றருக்கு 2 கோடி 40 இலட்சம் வோல்ற்று! காற்று 30 இலட்சத்திலேயே தீப்பொறி விட்டுவிடும். பௌதிகவியல் வகுப்பில் இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வியப்புத்தான்.

லேசர் பட்ட புள்ளியில் இலத்திரனும் துளையும் (இலத்திரன் விட்டுப்போன இடம், நேரேற்றம் மாதிரி நகரும்) பிரியும். இலத்திரன் அலுமினியத்துக்கு இறங்க, துளை மேலே ஏறி அங்குள்ள மறையேற்றத்தை அழிக்கும். மின்னழுத்தம் −100 வோல்ற்று அளவுக்கு விழுந்த அந்த இடத்தில்தான் டோனர் ஒட்டும். வெயிலில் கிடந்தால் ஏற்றங்கள் அளவுக்கு மிஞ்சிப் பிறந்து, ஒரு பகுதி படலத்துக்குள்ளேயே சிக்கிவிடும். அந்தப் பக்கம் பிறகு முழு 600ஐப் பிடித்து நிற்காது, கசியும், கசிந்த இடத்தில் டோனர் கொஞ்சம் ஒட்டும், அதுதான் சாம்பல். 24 மில்லிமீற்றர் விட்டம் என்றால் சுற்றளவு 75, ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பட்டை. சிக்கியதை அறை வெப்பமே மெல்ல விடுவிக்கும், விடிய மங்கியது அதனால்தான்.

மாங்குளம் சந்தி:
ஐயா சொன்னது சரி. நான் பார்க்கிற வேலை இதுதான், ட்ரம்மைக் கழற்றினால் உடனே கறுப்புப் பொலித்தீனில் சுற்ற வேண்டும், மேற்பரப்பில் விரலே படக்கூடாது. இரண்டு நாள் இருட்டில் விட்டுப் பாருங்கோ அண்ணை. கனநேரம் நேர் வெயில் என்றால் ஊதாக்கடந்த கதிர் படலத்தையே கெடுத்துவிடும், அது திரும்பாது. பட்டை குறுக்கே இல்லாமல் தாளின் நீளத்துக்குக் கோடாக ஓடினால் அது கீறல், எங்கள் கிரவல் ரோட்டுத் தூசி செய்கிற வேலை, இருட்டில் வைத்தாலும் போகாது.

நந்திக்கடல்:
ஏற்றம் இப்படிச் சிக்கி நிற்பதையே நினைவகமாக்கப் பார்த்தவர்கள் உண்டு. 1993இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அலன் பார்ட் குழு, நாகம் (துத்தநாகம்) சேர்ந்த போர்பிரின் என்ற சேதன நிறப்பொருளின் படலத்தை இரண்டு ஒளிபுகும் மின்வாய்களுக்கு நடுவே வைத்தது. ஒளியையும் மின்னழுத்தத்தையும் ஒன்றாகக் கொடுத்தால் ஏற்றம் சிக்கும், இருட்டில் அப்படியே கிடக்கும், அழுத்தம் இல்லாமல் மறுபடி ஒளி அடித்தால் மின்னோட்டமாக வெளியே வரும். எழுதவும் வாசிக்கவும் ஒளிதான் சாவி. போட்டோக்கொப்பி முறையைக் கண்டுபிடித்த கார்ல்சன் 1938இல் கந்தகம் பூசிய நாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து ஏற்றம் கொடுத்ததிலிருந்து பார்த்தால், எவ்வளவு தூரம்!

முறிகண்டியான்:
எல்லோருக்கும் நன்றி. அப்ப, மத்தியானத்தில் கடை தகரக் கூரையில் கொதிக்கும்போது தாள் முழுக்க இலேசாகச் சாம்பல் பிடிப்பதும் இதுதானோ?

கனகராயன்:
இருக்கலாம் தம்பி. சூடு கூடினால் இருட்டிலும் ஏற்றம் வேகமாகக் கசியும். பிரிண்டரைச் சுவரோடு ஒட்டாமல் வைத்துக் காற்றாடியைப் போட்டுவிட்டு ஒரு தாள் அடித்துப் பாரும். குறையாவிட்டால் டோனரைச் சந்தேகப்படலாம்.