சம்ப்பில் கிடந்த அரைவட்டத் தகடு என்ன பார்ட்?

கேள்வி:
வணக்கம். நாலு சிலிண்டர் டீசல் வேன். கிளட்சை மிதித்தால் எஞ்சின் அடியில் உரசல் சத்தம், காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஆயில் சம்ப்பை (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றியபோது உள்ளே மெல்லிய அரைவட்டத் தகடு ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் ரெண்டு பள்ளக் கோடு, மறுபக்கம் வெறும் இரும்பு. மேலே பார்த்தால் வரிசையாக கேப்புகள் (பேரிங் மூடிகள்). எது மெயின், எது கனெக்டிங் ராடு? இந்தத் தகடு எங்கே உட்காரும்?

பதில் 1:
அது திரஸ்ட் வாஷர். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் எஞ்சின் தண்டு) முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது அதுதான். தயவுசெய்து எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கேப்பைப் பிரிப்பது சுலபம். மெயின் என்பது கிராங்கை பிளாக்கில் தாங்கும் பேரிங், ராடு என்பது பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு. நாலு சிலிண்டர் வரிசை எஞ்சினில் பொதுவாக மெயின் 5, ராடு 4. மெயின் கேப் பிளாக்கோடு போல்ட் ஆகியிருக்கும், கிராங்கைச் சுற்றினாலும் அசையாது. ராடு கேப் கிராங்கோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆயில் பம்ப்பிலிருந்து வலை மூடிய வாயோடு தொங்கும் குழாய் ஸ்ட்ரெய்னர். அதையும் கழற்றிப் பாருங்கள், வாஷர் தேய்ந்த தூள் வலையில் நிற்கும்.

கேப்பில் கை வைக்கும் முன் நம்பரும் முன்பக்க அம்புக்குறியும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீங்களே குறி போடுங்கள். கேப் இடம் மாறினால் பேரிங் துளையின் வட்டம் கெட்டு கிராங்க் இறுகிவிடும்.

பதில் 2:
வாஷர் பெரும்பாலும் நடு மெயினில் இருக்கும், சில எஞ்சினில் கடைசி மெயினில். பள்ளக் கோடு உள்ள பக்கம் கிராங்க் கன்னத்தை (பேரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கிராங்கின் தட்டையான பக்கச்சுவர்) பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் இரும்பு இரும்போடு உரசி கிராங்கையே தின்றுவிடும்.

கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் முன்னால் தள்ளப்படுகிறது. அதனால் அந்த மெயினின் பின்பக்க வாஷர்தான் முதலில் தேயும். தேய்ந்து மெலிந்ததும் இருப்பிடத்தை விட்டு உருண்டு சம்ப்பில் விழும். பெடலில் ஃப்ரீ ப்ளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) இல்லாமல் ஓட்டுவதும், கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டுவதும்தான் வழக்கமான காரணம். அதைச் சரிசெய்யாமல் புது வாஷர் போட்டால் அதுவும் விழும்.

கேள்வி கேட்டவர்:
கிராங்கை இறக்காமல் மாட்ட முடியுமா?

பதில் 2:
கிராங்க் கன்னம் வழவழப்பாக இருந்தால் முடியும். அந்த ஒரு மெயின் கேப்பை மட்டும் கழற்றி, பிளாக் பக்கத்து வாஷரில் ஆயில் தடவி, ஜர்னலை (பேரிங்கில் உட்காரும் கிராங்கின் உருண்டைப் பகுதி) சுற்றி விரலால் தள்ளினால் உள்ளே போய்விடும். கன்னத்தை நகத்தால் வருடும்போது படி தட்டினால் இந்த வழி வேண்டாம், கிராங்க் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மாட்டியபின் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை அளக்கும் முள் மீட்டர்) வைத்து கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி, எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பாருங்கள். பல எஞ்சின்களில் 0.1 முதல் 0.3 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் எஞ்சின் மேனுவலில் உள்ள அளவே முடிவு. அதிகம் வந்தால் ஓவர்சைஸ் (தடிமன் கூடிய) வாஷர்.

பதில் 1:
கேப் திறந்திருக்கும்போதே ஷெல்லையும் (ஜர்னலைச் சுற்றி உட்காரும் அரைவட்ட பேரிங் தகடு) பாருங்கள். மெயினில் கேப் பக்கத்து ஷெல்தான் அதிகம் தேயும், ராடில் மேல் ஷெல். மெயினில் ஆயில் துளை உள்ள ஷெல் பிளாக் பக்கம்தான் போக வேண்டும். மாற்றிப் போட்டால் ஆயில் வழி அடைபட்டு ஜர்னல் பிடித்துக்கொள்ளும்.