மறக்கலைங்க, எடுக்கத்தான் மனசு வரமாட்டேங்குது

ஓவர்லாக்_திருப்பூர்:
பனியன் கம்பெனியில தைக்கறனுங்க. எச்ஐவிக்குக் கூட்டு மருந்து வருசக்கணக்கா எடுக்கறனுங்க. முன்ன ராத்திரி போடற மாத்திரையில கெட்ட கெட்ட கனவா வரும். டோலுடெகிராவிர் இருக்கற டிஎல்டிங்கற கூட்டு மாத்திரைக்கு மாத்துனப்புறம் அந்தத் தொல்லையில்ல. ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ரத்தத்துல கிருமி எவ்வளவுன்னு பாக்கற வைரல் லோடும் நல்லாத்தான் வந்துச்சு.

அப்புறமென்னன்னு கேப்பீங்க. மாரியம்மன் நோம்பிக்கு ஒறம்பரை வந்து ஊடு நெறஞ்சா டப்பாவத் தொட முடியறதில்ல. லேபிளைக் கிழிச்சாச்சு, குலுங்கக்கூடாதுன்னு உள்ள பஞ்சும் வெச்சாச்சு. மாமியார்கிட்ட இரும்புச்சத்து மாத்திரைன்னு சொன்னா, நாத்தனா "எனக்கும் ஒன்னு குடுங்கண்ணி"ங்கறா! அலாரம் அடிச்சா நெஞ்சு திக்குங்குது. யாரும் இல்லாதப்பகூட, கையில எடுத்தா வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடந்ததுதான் கண்ணு முன்னால வருது. மத்த நேரம் நல்லாத்தான இருக்கேன், இந்த ஒன்னுதான என்னைய சீக்காளியாக்குதுன்னு தோணுது. மருந்து குடுக்கற சென்டர்ல "மறக்காதீங்க"ங்கறாங்க. மறந்தாத்தானுங்க?

நாமக்கல்_லாரி:
அம்மிணி, அலாரத்தத் தூக்கிப் போடுங்க. எனக்குப் பக்கத்துலயே கிளீனர் பையன். பேஸ்ட், பிரஷ் வெக்கற பையிலயே நாலஞ்சு நாளைக்குள்ளத சின்ன டப்பியில வெச்சிருக்கேன். டீக்கடையில பல்லு வெளக்கி, வாய் கொப்புளிக்கற தண்ணியோட முடிஞ்சுது. பல்லு வெளக்கறவன எவன் கேப்பான்?

பச்சிலை:
நல்லாயிருக்கறப்ப எதுக்குங்க இங்கிலீஷ் மருந்து? பத்தியம் இருந்தாப் போதும்.

ஈரோடு_அக்கா:
பச்சிலை, தயவுபண்ணி இந்தப் பக்கம் வராதீங்க. நல்லா இருக்கறதே அந்த மாத்திரையாலதான். நிறுத்துனா சில வாரத்துல கிருமி மறுக்கா ஏறிக்கும்.

கண்ணு, ஏஆர்டி சென்டர்ல, அதான் இந்தக் கூட்டு மருந்து குடுக்கற எடத்துல, வேலை பார்த்தவ சொல்றேன். இங்க எழுதுனத அப்படியே கவுன்சிலர்கிட்ட சொல்லு. "சரியா எடுக்கறியா?"ன்னா எல்லாரும் "ஆமாங்க"ன்னு தலையாட்டிட்டு வந்துருவாங்க. வீட்டுக்காரர் நெனப்பு வருதுன்னு சொன்னாத்தான் அவங்களுக்கும் வெளங்கும். மனசு சோர்ந்து கெடந்தா மாத்திரை தவறும், அதுக்குத் தனியா வைத்தியம் இருக்கு. வீட்ல ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சா பாரம் கொறையும். அது யாருங்கறது உன் முடிவு. 2017 எச்ஐவி சட்டப்படி உன் சம்மதமில்லாம ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லக்கூடாது. நேர்ல பேசக் கூச்சமா இருந்தா எச்ஐவி உதவி நம்பர் 1097க்குப் போன் போடு, காசில்ல.

இன்னொன்னு. பஞ்சு வெச்சது இருக்கட்டும், டப்பாவுல வர்ற ஈரம் உறிஞ்சற பொட்டணத்த வீசிராத. நெசமாவே இரும்புச்சத்து மாத்திரை எடுத்தா, இத அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னயோ ஆறு மணி நேரம் கழிச்சோ போடு. ஒரு நாள் விட்டுப்போனா நெனப்பு வந்ததும் போட்டுக்க, ரெண்டாச் சேத்துப் போடாத.

ஓவர்லாக்_திருப்பூர்:
ரொம்ப நன்றிங்க. நாத்தனாகிட்டச் சொல்லலாமான்னு யோசிக்கறேன், அவ வாய் கொஞ்சம் நீளம். அண்ணா, ராத்திரி போடறத காலையில பல்லு வெளக்கறப்பவே போட்டுக்கலாமுங்களா?

ஈரோடு_அக்கா:
தாராளமா மாத்திக்கலாம் கண்ணு, தெனமும் அதே நேரமா இருந்தாச் சரி. எப்படி மாத்தறதுன்னு சென்டர்ல ஒரு வார்த்தை கேட்டுக்க. நாத்தனா வேண்டாம், வேற ஆளப் பாரு.