மகளுக்கு முப்பிடாதின்னு பேர் வைக்கலாமா?

பொருநைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மகள் பிறந்து இன்னையோட 26 நாள். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், இருக்கிறது தாம்பரத்துல. பிறப்பைப் பதிஞ்சாச்சு, பேரை மட்டும் இன்னும் சேர்க்கல. முப்பிடாதின்னு வைக்கணும்னு எனக்கு ஆசை. வீட்டுக்காரரும் சரின்னுட்டார். மத்த எல்லாரும் வேண்டாங்காங்க.

எங்க பக்கம் ஊருக்கு ஊர் முப்பிடாதி அம்மன் கோயில் உண்டு. முப்புடாதின்னும் எழுதுவாங்க. என் அப்பாவைப் பெத்த ஆச்சிக்கும் அதே பேர்தான். அம்மா வேலைக்குப் போனதால என்னை வளர்த்தது ஆச்சி. சின்ன வயசுல எங்க தெருவில மட்டும் நாலு முப்பிடாதி இருந்தாங்க. கடைக்கார முப்பிடாதி, மேலவீட்டு முப்பிடாதின்னு அடையாளம் சொன்னாத்தான் யாருன்னு தெரியும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப எண்ணிப் பார்த்தேன். ஆச்சி ஒருத்திதான் மிச்சம். அவளுக்கு அப்புறம் அந்தப் பேர்ல ஒரு குழந்தைகூட இல்ல.

மாமியார் சோதிடர்கிட்ட கேட்டுட்டு வந்தாங்க. மகம் நட்சத்திரம், ம, மி, மு, மெ இந்த நாலுல ஆரம்பிக்கணுமாம். மித்ரா, மேக்னா, மிருதுளான்னு எழுதியும் கொடுத்துட்டாங்க. அந்த நாலுல மு-வும் இருக்குன்னு சொல்லிப் பார்த்தேன், கேட்கல. ஆனா எனக்குப் பெரிய தடையே ஆச்சிதான். "எம் பேரு என்னோட போவட்டும்ட்டி. பிள்ளைக்கு நல்ல பேரா பாத்து வையி"ன்னு போன்ல சொல்லிட்டா. அதுல இருந்து மனசு குழம்பிக் கிடக்கு. நீங்க என்ன சொல்றீங்க?

வகுப்பறை:
முதல்ல வாழ்த்துகள்மா. நான் 28 வருசமா அரசுப் பள்ளியில ஆசிரியை. வைக்காதீங்கன்னுதான் சொல்வேன்.

என் வகுப்புல பேச்சியம்மாள்னு ஒரு பிள்ளை இருந்தா. வருகைப் பதிவு எடுக்கும்போது நான் 'பே'ன்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள "உள்ளேன் டீச்சர்"னு எழுந்து நின்னுடுவா. முதல்ல துறுதுறுன்னு இருக்கிறான்னு நினைச்சேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சது, அவ பேர் முழுசா யார் காதுலயும் விழக் கூடாதுன்னு அந்த அவசரம். பத்தாம் வகுப்புக்கு வர்றதுக்குள்ள வீட்டுல அழுது, அரசிதழ்ல விளம்பரம் கொடுத்துப் பேரை மாத்திட்டாங்க. மாத்தின பேர் இப்ப எனக்கு ஞாபகம் இல்ல. அந்த அவசரக் குரல் மட்டும் மறக்கல.

உங்க ஆச்சி மேல உள்ள பாசத்துக்கு அந்தப் பிள்ளை ஏன் தினமும் காலையில விலை கொடுக்கணும்?

அம்பையான்:
டீச்சர் சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா பழக்கத்தை மறந்திரக் கூடாது. பேரன்னா பெயரன், பாட்டன் பேரைத் தாங்குறவன். பேத்தி, பெயர்த்தி. அந்தச் சொல்லே இப்படி வந்ததுதான். எங்க வீட்டுல அப்பாவைப் பெத்தவர் பேர்தான் எனக்கு. மாமனார் பேரை வாயால சொல்லக் கூடாதுன்னு என் அம்மா ஒரு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. "ஐயா"ன்னுதான் கூப்பிடுவா. அடிக்க வரும்போதும் "ஐயா"தான். பேர்ல அவ்வளவு மரியாதை இருந்த காலம் அது. வைங்கம்மா, தைரியமா வைங்க.

மாடன்பேரன்:
பெரியவர் கோவிச்சுக்கக் கூடாது. அந்த மரியாதை எல்லாத் தெருவுக்கும் வரல.

எங்க தாத்தா பேர் மாடன். அதே ஊர்ல, அதே சுடலைமாடனைக் கும்பிடுற வேற தெருக்காரங்க பிள்ளைக்கு மாடசாமின்னு வைப்பாங்க. எங்க தெருவுக்கு 'சாமி' கிடையாது. வைச்சாலும் கூப்பிட மாட்டாங்க. எழுபது வயசுக் கிழவரை எட்டு வயசுப் பையன் "ஏ மாடா"ன்னு கூப்பிட்டதை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். தாத்தா துண்டைக் கக்கத்துல வைச்சுக்கிட்டு "சொல்லுங்க சின்னையா"ன்னார்.

அதனாலதான் அவர் எங்க அப்பாவுக்கு ஜவகர்னு வைச்சார். ஊர்ல யாருக்கும் இல்லாத பேர், எந்தத் தெருன்னு சொல்லாத பேர். எங்களுக்குப் புதுப் பேர் நாகரிக ஆசையில வந்தது இல்ல. அது எங்க தாத்தா எங்களுக்கு வாங்கிக் கொடுத்த விடுதலை.

பழைய பேர்னா இன்னொண்ணும் யோசிங்க. நாலு பெண் பிறந்துட்டா ஐந்தாவதுக்குப் 'போதும்பொண்ணு'. திருத்தணிப் பக்கம் 'வேண்டாம்'னே பேர் வைச்ச வீடுகள் இருக்கு. அதுவும் மரபுதான். மரபுங்கிறதுக்காக மட்டும் ஒரு பேரைத் தூக்கிப் பிடிக்காதீங்க.

அம்பையான்:
கோவமே இல்ல தம்பி. நீங்க சொன்னதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 'ஏ மாடா' நானும் கேட்டு வளர்ந்த சத்தம்தான். அன்னைக்கு அது தப்புன்னு எனக்குத் தோணல. இன்னைக்குத் தோணுது.

வெண்காந்தள்:
நான் வேற கோணத்துல வர்றேன். பழமையும் வேணும், யாரும் முகம் சுளிக்கவும் கூடாதுன்னா சங்கப் பெயருக்குப் போங்க தோழி. ஆதிமந்தி, நச்செள்ளை, வெள்ளிவீதி. மூணு பேருமே பாட்டு எழுதின பெண்கள். எந்தச் சாதியும் உரிமை கொண்டாட முடியாது.

1916-ல தனித்தமிழ் இயக்கம் தொடங்கினப்ப சுவாமி வேதாசலம் மறைமலை ஆனார். வேதத்தை மறைன்னும் அசலத்தை மலைன்னும் சொல்லுக்குச் சொல் மாத்தினார். பின்னாடி நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அன்னைக்கு அதெல்லாம் விநோதமான பேர்தான். இன்னைக்கு அன்பழகன்னா யாராவது திரும்பிப் பார்க்கிறோமா? நாலு பேர் துணிஞ்சா அடுத்த தலைமுறைக்கு அது சாதாரணம்.

பொருநைக்கரை:
வெண்காந்தள், நல்ல பேர்கள். ஆனா நச்செள்ளையை எனக்குப் பழக்கம் இல்ல. முப்பிடாதி எனக்குத் தலை வாரி விட்டவ. பாடப் புத்தகத்துல இருக்கிற பழமையைத் தேடி நான் இங்க வரல. என் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கிற பழமை கண்ணு முன்னால போகுதேன்னு வந்தேன்.

மாடன்பேரன், உங்க பதிவை வீட்டுக்காரர்கிட்டயும் வாசிச்சுக் காட்டினேன். எங்க ஊர்ல மூணு சாதியில இந்தப் பேர் இருந்தது, அதனால பேரைக் கேட்டுத் தெருவைச் சொல்ல முடியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப யோசிச்சா, மூணு தெருவிலயும் அதை ஒரே மாதிரியா கூப்பிட்டாங்கன்னு என்னால சொல்ல முடியல.

கடல்தாண்டி:
நான் யாழ்ப்பாணம், 22 வருசமா ரொறன்ரோவில இருக்கிறன். மூத்தவனுக்கு ஊரில அப்ப எல்லாரும் வைச்ச மாதிரி, காதுக்கு இனிமையா 'ஜன்' எண்டு முடியிற ஒரு பேர் வைச்சம். பதினாலு வயசில வந்து "அப்பா, என்ர பேருக்கு என்ன அர்த்தம்?" எண்டு கேட்டான். நானும் மனுசியும் ஆளை ஆள் பாத்தம். அர்த்தம் இல்லை. எண்சாத்திரம் பாத்து எழுத்தைக் கூட்டிக் குறைச்சு வைச்ச பேர்.

மகள் பிறக்கேக்க அந்தப் பிழை விடேல்லை. என்ர அம்மம்மாவின்ர பேர், தையல்நாயகி. பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கண்டு பேரைச் சொன்னவுடனே சபையே அமைதியாப் போச்சுது. "பிள்ளையை வெள்ளைக்காரப் பிள்ளையள் பகிடி பண்ணுங்கள்" எண்டு மச்சாள் அழுதவா. இப்ப அவளுக்குப் பதினொரு வயசு. புது வாத்தியார் வந்தால் தானே எழும்பி, கையால தாளம் போட்டு "தை, யல், நா, யகி" எண்டு சொல்லிக் குடுக்கிறாள். முப்பிடாதி அதைவிடச் சுகம். ழகரம் இல்லை, ளகரம் இல்லை, எந்த நாட்டுக்காரரும் சொல்லலாம். வையுங்கோ தங்கச்சி.

வகுப்பறை:
ஐயா, உங்க மகளை நினைச்சாச் சந்தோசமா இருக்கு. ஆனா ரொறன்ரோவும் தாம்பரமும் ஒண்ணு இல்ல. அங்க தையல்நாயகியும் மித்ராவும் வாத்தியாருக்கு ஒரே அளவு புதுசு. இங்க சிரிக்கிற பிள்ளைக்கு அந்தப் பேரோட அர்த்தம் நல்லாத் தெரியும். பட்டிக்காடு, பழைய ஆளு, வசதி இல்லாத வீடு, இவ்வளவையும் ஒரு பேர்ல படிச்சிட்டுத்தான் சிரிக்கிறான். தெரியாத பேரைக் கேட்டுப் பிள்ளைங்க இரண்டு நாள் சிரிக்கும், அப்புறம் மறந்துடும். தெரிஞ்ச பேருன்னா சிரிப்பு நிக்காது. 28 வருசத்துல நான் பார்த்தது இது.

நெல்மணி:
அப்படிப் பயந்தா எப்படி டீச்சர்? மகளிர் சுயஉதவிக் குழு நடத்தின மதுரை சின்னப்பிள்ளை அம்மா காலைத் தொட்டு, பிரதமரா இருந்த வாஜ்பாயே கும்பிட்டார். 2019-ல பத்மஸ்ரீ. இயற்கை விவசாயம் பண்ணின கோயம்புத்தூர் பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-ல பத்மஸ்ரீ. மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்ல உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். பேர் யாரையும் தடுக்கல.

வகுப்பறை:
சின்னப்பிள்ளையும் பாப்பம்மாளும் பிறந்த காலத்துல பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதே மாதிரிப் பேர்தான். கூட்டத்தோட கூட்டமா இருந்தாங்க. இந்தப் பிள்ளை தனியா நிக்கப் போகுது, என் கவலை அதுதான். மாரியப்பனை ஏத்துக்கிறேன், நம்ம காலத்துப் பையன்.

பொருநைக்கரை கிட்ட ஒண்ணு கேட்கணும். ஆச்சி ஏன் வேண்டாம்னு சொல்றாங்க? அந்தப் பேரோட வாழ்ந்தவங்க அவங்கதான். நாம எல்லாரும் பேசுறோம், அவங்ககிட்ட யாராவது காரணம் கேட்டோமா?

தேனீர்க்கடை:
வீட்டுல முப்பிடாதி, சான்றிதழ்ல மித்ரா. இரண்டு பக்கமும் சமாதானம். நிறைய வீட்டுல இப்படித்தானே நடக்குது.

பொருநைக்கரை:
சான்றிதழ்ல இல்லாத பேர் ஒரு தலைமுறையோட போயிடும். எங்க அப்பாவுக்கே வீட்டுப் பேர் ஒண்ணு இருந்ததாம், இப்ப அது ஆச்சிக்கு மட்டும்தான் தெரியும்.

டீச்சர், நீங்க கேட்டது சுருக்குன்னு தைச்சது. சனிக்கிழமை ஊருக்குப் போறேன், பிள்ளையையும் தூக்கிட்டு. பேசிட்டு வந்து எழுதுறேன்.

அம்பையான்:
அவசரமே இல்லம்மா. ஒரு வருசத்துக்குள்ள கட்டணம் இல்லாமலே பேர் சேர்க்கலாம். அப்புறமும் பதினஞ்சு வருசம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனா அவ்வளவு இழுக்காதீங்க.

பொருநைக்கரை:
வந்துட்டேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

பிள்ளையை மடியில போட்டுட்டு நேராவே கேட்டேன், "ஏன் ஆச்சி வேண்டாங்குத?" ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் டிரங்குப் பெட்டியில இருந்து ஒரு மஞ்சப்பை எடுத்துட்டு வந்தா. அதுல ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக். ஆதார்ல முப்பிடாதி. பாஸ்புக்ல முப்புடாத்தி. ரேஷன் கார்டுல முப்பிடதி, 'டா'வுக்குக் கால் இல்ல. நாலு வருசம் முன்னால முதியோர் பணம் ஏழு மாசம் நின்னு போச்சாம், மூணு பேரும் ஒரே ஆளுன்னு நிரூபிக்கச் சொல்லியிருக்காங்க. எங்க யாருக்குமே சொல்லல. பஸ் ஏறிப் பஸ் ஏறிப் போயிருக்கா. ஒரு அலுவலகத்துல சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பையன், "என்ன பாட்டி, பேரே வாயில நுழையல, வேற பேர் கிடைக்கலையா"ன்னு கேட்டானாம். வரிசையில நின்னவங்க சிரிச்சாங்களாம். "அன்னைக்கு நெனச்சேன், இது என்னோட தொலையட்டும்னு"ன்னா.

டீச்சர், நீங்க சொன்ன அதே சிரிப்பு. எழுபத்தெட்டு வயசுல.

எனக்குப் பேச்சு வரல. பையை நானே மடிச்சு வைக்கப் போனேன். அடியில ஒரு பழைய நாலு கோடு நோட்டு. 90-கள்ல அறிவொளி இயக்கம் வந்தப்ப ராத்திரி வகுப்புக்குப் போனாளாம், எனக்குத் தெரியாது. பக்கம் பக்கமா ஒரே சொல். முதல் பக்கத்துல மு கோட்டை விட்டு வெளிய ஓடுது, பி-க்கு மேல விலங்கு தனியா மிதக்குது. கடைசிப் பக்கத்துல ஐந்து எழுத்தும் அச்சு மாதிரி நேரா நிக்குது. கைநாட்டு வைச்சவ அந்த நோட்டுக்கு அப்புறம் கையெழுத்துப் போட ஆரம்பிச்சிருக்கா. ஒரே ஒரு சொல்தான் அவளுக்கு எழுதத் தெரியும், அது இந்தப் பேர்.

"இதையா ஆச்சி தொலையட்டும்னு சொல்லுத?"ன்னு கேட்டேன். நோட்டையே பார்த்துட்டு இருந்தா. பிறகு கேட்டா: "பள்ளிக்கூடத்துல எவனாவது சிரிச்சா நீ போய் நிப்பியா?" நிப்பேன்னேன். "மாமியா ஒத்துக்கிடுவாளா?" மு-வுல ஆரம்பிக்குதுன்னு சொல்லி ஒத்துக்க வைப்பேன்னேன். பிள்ளை நெத்தியில கை வைச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கழிச்சுச் சொன்னா, "அப்போ 'டா'வுக்குக் கால் போடச் சொல்லு."

மாடன்பேரன்:
இது உங்க ஆச்சி வாயால வந்த முடிவு. இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. எங்க தாத்தாகிட்ட அப்படி யாரும் கேட்டதில்ல, அவருக்கு எழுதக் கத்துக்கவும் வாய்க்கல. அந்த நோட்டைப் பத்திரமா வைங்க.

வகுப்பறை:
என் கருத்து மாறலம்மா. வகுப்புல அந்தப் பிள்ளை கஷ்டப்படும்னுதான் இப்பவும் நினைக்கிறேன். முதல் நாளே வகுப்பு ஆசிரியரைப் பார்த்து அந்தப் பேரோட கதையைச் சொல்லிடுங்க. வாத்தியார் பேரைத் தயங்காம, முழுசா, அழகாச் சொன்னாப் பாதிப் பிள்ளைங்க சிரிக்காது. நான் பேச்சியம்மாளுக்கு அதைச் செய்யல. எனக்கும் அது ஒரு மாதிரி இருந்ததால வேகமாப் படிச்சிட்டுப் போயிட்டேன்.

இன்னொண்ணு. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. ஆங்கிலத்துல எந்த எழுத்துப் போடணும்னு வீட்டுலயே முடிவு பண்ணி, தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்னு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுப் பாருங்க, இரண்டு மொழியிலயும்.