பிரெஞ்சுத் தற்காப்பைக் கற்க மனப்பாடம் தேவையா?

சிப்பாய்ச்சுவர்:
சதுரங்கத்தில் வெள்ளை தன் சிப்பாயை இ4 கட்டத்துக்கு நகர்த்த, கறுப்பு சிப்பாயால் இ6 என்று பதில் சொல்லும் தொடக்கமான பிரெஞ்சுத் தற்காப்பைப் புதிதாகக் கற்பவர்கள், எடுத்த எடுப்பிலேயே பன்னிரண்டு நகர்வுகளை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து. வெள்ளை 3ஆம் நகர்வில் இ5 என்று தள்ளிவிட்டால், டி4, இ5 சிப்பாய்கள் ஒரு சங்கிலியாகின்றன. சங்கிலியை அதன் அடியில் தாக்க வேண்டும் என்று சதுரங்க மேதை நிம்சோவிச் வலியுறுத்தியதை உள்வாங்கியவருக்கு, சி5, குதிரை சி6, ராணி பி6 ஆகிய மூன்றும் தாமாகவே கைக்கு வரும். மூன்றும் டி4-ஐத்தான் நெருக்குகின்றன.

இரவுக்குதிரை:
அந்த நெருக்குதலை நம்பித்தான் ஒரு போட்டியில் நான் ராணியை இழந்தேன். எதிராளி 6ஆம் நகர்வில் பிஷப்பை டி3-இல் வைத்தார். டி4-இல் சிப்பாய்களை மாற்றிக்கொண்ட பிறகு, அங்கே காவல் குறைவாக இருப்பதைக் கண்டு குதிரையால் வெட்டினேன். அவரும் குதிரையால் வெட்ட, நான் ராணியால் வெட்டினேன். பிஷப் பி5-க்கு வந்து செக் வைத்தது. திறந்துகொண்ட டி வரிசையில் என் ராணி போயிற்று. முதலில் பிஷப்பை டி7-இல் வைக்க வேண்டும் என்பதைப் படித்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

சிப்பாய்ச்சுவர்:
உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அதை மறதியின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. அவருடைய ராணிக்கும் டி4-க்கும் நடுவே நிற்கும் பிஷப், செக்குடன் விலகினால் என்ன ஆகும் என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்திருக்கும். தோற்ற ஆட்டத்தைக் கணினியிடம் கொடுப்பதற்கு முன் தனியே அமர்ந்து அலசுவது இந்தக் கேள்விகளுக்காகத்தான். என் தோல்விகளை அப்படி அலசியபோது, பெரும்பாலானவற்றில் இ6 சிப்பாய்க்குப் பின்னால் சி8 பிஷப் கடைசிவரை அடைபட்டே கிடந்தது தெரிந்தது. இப்போதெல்லாம் பி6 ஆடி ஏ6-இல் அதை மாற்றிக்கொள்வதா, டி7 வழியாக பி5-க்குக் கொண்டுபோவதா என்பதைப் பத்தாவது நகர்வுக்குள் முடிவு செய்துவிடுகிறேன். வாழ்நாள் முழுவதும் இந்தத் தற்காப்பை விடாமல் ஆடிய கிராண்ட்மாஸ்டர் உல்மானின் ஆட்டங்களை, கறுப்பின் பக்கம் பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டு, பிஷப் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தாலே நிறையக் கற்கலாம்.

இரவுக்குதிரை:
பிஷப்பைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கறுப்பு 3ஆம் நகர்வில் பிஷப்பை பி4-இல் வைக்கும் வினாவர் கிளையில், 7ஆம் நகர்வில் வெள்ளையின் ராணி ஜி4-க்கு வந்து ஜி7 சிப்பாயைக் குறிவைக்கும்போது, அதைக் கொடுத்துவிட்டு நடுப்பலகையை உடைப்பதா, கோட்டை கட்டித் தாக்குதலைத் தாங்குவதா என்பதைக் கடிகாரம் ஓட ஓடக் கண்டுபிடிக்க எந்த அமைப்பறிவும் போதாது.

சிப்பாய்ச்சுவர்:
வினாவரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் தொடக்கநிலையில் இருப்பவர்களிடம் 3ஆம் நகர்வில் பிஷப் பி4-க்குப் பதிலாகக் குதிரை எஃப்6 ஆடச் சொல்கிறேன்.

இரவுக்குதிரை:
நான் வினாவரிலேயே இருக்கப்போகிறேன். இன்றிரவு ஜி4 ராணிக்கான கிளையை முதலிலிருந்து எழுதி, ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே அதன் காரணத்தையும் குறித்துவைக்கிறேன். காரணம் எழுத முடியாத இடங்களை இங்கே பதிகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.