15 வயசு மகள் அறைக்குக் கறுப்புப் பெயின்ற் கேக்கிறா, என்ன செய்யிறது?

முற்றத்துமல்லி:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட வீடு கோண்டாவில் பக்கம், அம்மாவின்ர சீதன வீடு, பழைய கல்வீடு. மகளுக்கு 15 வயசு, அடுத்த வருசம் ஓ.எல். இவ்வளவு காலமும் என்னோடயும் அம்மம்மாவோடயும் ஒரே அறையில படுத்தவ, இப்ப தனக்கெண்டு ஒரு அறை வேணுமாம், நியாயம்தானே, அதால பின்னுக்குச் சாமான் அடுக்கி வச்சிருந்த அறையை ஒதுக்கிக் குடுக்கப் போறம். 12க்கு 10 அடி, உயரமும் 10 அடி வரும், ஓட்டுக்குக் கீழ சீலிங் அடிச்சுக் கிடக்கு. வடக்கால ஒரு யன்னல், மேற்கால ஒரு யன்னல், மேற்கால பெரிய மாமரம் நிக்கிறதால பின்னேரத்தில சாடையாத்தான் வெயில் விழும். வாசல் கிழக்கால.

பிரச்சினை கலர்தான். நாலு சுவருக்கும் கறுப்பு வேணுமாம். போனில படம் படமாக் காட்டுறா, கறுப்புச் சுவர், ஊதா லைற் ஸ்ரிப், அதுக்கு மேல பி.ரி.எஸ். எண்ட கொரியப் பாட்டுக் குழுப் பொடியங்கள் ஏழு பேரும் வரிசையா. அம்மா இதைக் கேட்ட நேரம் துவக்கம் "செத்தவீட்டுக்கோ சோடிக்கிறியள், நல்லநாள் பெருநாளில ஆர் உதுக்குள்ள கால் வைக்கிறது" எண்டு ஒரே பேச்சு. இவர் கட்டாரில இருந்து "பிள்ளை கேட்டதை அடிச்சுக் குடுமன்" எண்டு லேசாச் சொல்லிப்போட்டுப் போனை வச்சிடுவார், நடுவில இழுபடுறது நான். லைட் பிங்க், இல்லாட்டிக் கிறீம் அடிப்பமே எண்டு கேட்டன், முகத்தை ஒருமாதிரி வச்சுக்கொண்டு எழும்பிப் போட்டா.

கறுப்பு அடிச்சா இருட்டா, வெக்கையா இருக்குமோ? படிக்கிற அறையும் அதுதான். மற்றது மேற்குச் சுவரில அடியில ஒரு அடி உயரத்துக்கு உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்கா விழுது, அதுக்கு மேலால அப்பிடியே அடிக்கலாமோ? பெரிய செலவு செய்ய ஏலாது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சுன்னாகம்பிறஷ்:

அக்கா நான் பெயின்ற் வேலைதான் செய்யிறன். கலரைப் பேந்து பாப்பம், முதல் அந்த மேற்குச் சுவரைப் பாருங்கோ. பழைய கல்வீடு எண்டா சுண்ணாம்புக் கல்லை வச்சுச் சுண்ணாம்புச் சாந்தால கட்டினதாத்தான் இருக்கும், அந்தக் காலத்து வீடுகள் கனக்கவுக்கு அத்திவாரத்தில ஈரம் மறிக்க ஒண்டும் போட்டிருக்காது, நிலத்தீரம் சுவருக்குள்ளால மேல ஏறும், ஏறேக்க உப்பையும் கொண்டு வரும், தண்ணி காஞ்சு போக உப்பு மட்டும் சுவரில நிண்டிடும், அதுதான் உங்கட சுவரில பூக்கிறது. அதுக்கு மேல எனாமலையோ இல்லாட்டி வோட்டர்புறூவ் எண்டு விக்கிற தடிச்ச சாமானையோ பூசினியள் எண்டா ஈரத்துக்கு வெளிய வர வழி இல்லாமல் இன்னும் மேல ஏறி மூண்டு நாலு அடியில பொக்களிக்கும். கடையில கேட்டா உதைத்தான் முதல் எடுத்துக் காட்டுவினம், வாங்காதேங்கோ.

பொருக்கு எல்லாத்தையும் சுரண்டிப்போட்டுக் காஞ்ச பிறஷால உப்பைத் தட்டி எடுங்கோ. தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது, கழுவினா உப்புக் கரைஞ்சு திரும்ப உள்ளுக்குத்தான் போகும். பூச்சு விழுந்த இடத்தில சீமெந்து வேண்டாம், சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசச் சொல்லுங்கோ, வயசான மேசன்மாருக்குச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. வெளிப்பக்கம் போய் அந்தச் சுவரடியையும் ஒருக்காப் பாருங்கோ, மண் உயர்ந்து கிடக்கோ, பீலித்தண்ணி அதில விழுதோ, பூச்சாடியை வரிசையா வச்சுத் தண்ணி விடுறியளோ எண்டு. அனேகமா அதில ஒண்டு இருக்கும். அதை நிப்பாட்டாமல் உள்ளுக்கு என்ன விலைப் பெயின்ற் அடிச்சாலும் காசு வீண்தான்.

அந்த அடி ஒரு அடிக்கு மட்டும் வெறும் சுண்ணாம்பு அடிச்சு விடுங்கோ. ஈரம் வந்து போகும், வெடிச்சாலும் வருசத்துக்கு ஒருக்காத் தைப்பொங்கலுக்கு முதல் பூசி விடலாம். எங்கட ஆக்கள் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிச்சதுக்கு உதுவும் ஒரு காரணம் எண்டுதான் நான் நினைக்கிறன். எப்பிடிப் பாத்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள மட்டும் வேலையைத் தொடங்காதேங்கோ, ஒண்டும் காயாது.

ஸ்காபரோமாமி:

தங்கச்சி, பெயின்ற்தானே கேட்டவ, பச்சை குத்திக்கொண்டே வந்து நிண்டவ? இந்த வயசில கறுப்புக் கேக்காத பிள்ளை எங்க இருக்கு. இஞ்ச என்ர மூத்தவனும் கேட்டவன், ஒரு சுவர் மட்டும் தரலாம், மற்ற மூண்டும் நான் சொல்லுற கலர் எண்டு பேசி முடிச்சனான். யூனிவர்சிற்றி போகேக்க அவனே அதை வெள்ளையாக்கிப் போட்டுப் போட்டான். உங்கட அம்மாவுக்கு இப்பிடிச் சொல்லுங்கோ, கறுப்பு இல்லையம்மா, கடும் நீலம் எண்டு. நேவி புளூ ராவில லைற்றுக்குக் கறுப்பு மாதிரித்தான் தெரியும், பகலில நீலமா நிக்கும், ரெண்டு பேருக்கும் சரி. லைட் பிங்க்கை மறந்திடுங்கோ பிள்ளை, அது அஞ்சு வயசுக்காரிக்கு.

அரியாலையான்:

எல்லாரும் செல்லம் குடுக்கிறியள். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலுக்குக் கறுப்புச் சுவர் அடிச்சா அறை போறணை மாதிரிக் கொதிக்கும். வெள்ளை அடியுங்கோ, பிள்ளை படிக்கட்டும்.

வேப்பங்காத்து:

அரியாலை அண்ணை குறை நினைக்காதேங்கோ, உள்சுவர் கலருக்கும் வெக்கைக்கும் பெரிசாத் தொடர்பு இல்லை. வெயில் நேர விழுற வெளிச்சுவரும் கூரையும்தான் சூட்டை இழுக்கிறது, அதுகளுக்குக் கறுப்பு அடிச்சாத்தான் நீங்கள் சொல்லுற கதை. மேற்கால மாமரம் நிக்கிறதே அந்த அறைக்குப் பெரிய புண்ணியம், அதை வெட்டாதேங்கோ. உள்ளுக்குக் கறுப்பு அடிச்சாக் கரைச்சல் வெளிச்சத்தில. சில கொம்பனியின்ர கலர் காட்டில எல்.ஆர்.வி. எண்டு ஒரு நம்பர் போட்டிருக்கும், 0 எண்டா வெளிச்சம் முழுக்க விழுங்கிடும், 100 எண்டா முழுக்கத் திருப்பி விடும். கறுப்பு 5க்குக் கிட்ட நிக்கும், நல்ல வெள்ளை 80க்கு மேல. நாலு சுவரும் கறுப்பு எண்டா மத்தியானத்திலயும் லைற் போட்டுத்தான் புத்தகம் பாக்க வரும், கறண்ட் பில் ஆர் கட்டுறது?

ஆனா ஸ்காபரோ மாமி சொன்ன ஒரு சுவர்க் கணக்குச் சரி. எந்தச் சுவர் எண்டுறதுதான் விசயம். யன்னல் இருக்கிற சுவருக்குக் கடும் கலர் அடிக்கக் கூடாது, இருட்டுச் சுவருக்கு நடுவில யன்னல் மட்டும் பளீரெண்டு நிண்டு கண்ணைக் கூசும். உங்கட அறையில தெற்குச் சுவர் வெறுஞ்சுவர், வடக்கு யன்னலுக்கு நேர எதிர, அதுக்கு அடியுங்கோ. கட்டிலின்ர தலைமாட்டை அந்தச் சுவரோட போடலாம், வடக்க தலைவச்சுப் படுக்கிறாள் எண்ட பேச்சும் அம்மம்மாவிட்ட வராது. மேசையை வடக்கு யன்னலடியில போடுங்கோ, வலக்கையால எழுதுறவ எண்டா வெளிச்சம் இடப்பக்கத்தால வாற மாதிரி, அங்கத்த வெளிச்சம் நாள் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரேமாதிரி நிக்கும். எதிர இருக்கிற இருட்டுச் சுவர் படிக்கேக்க கண்ணுக்கு நேர வராது.

கலர் எடுக்கேக்க கடையில காட்டுற சின்னத் துண்டை நம்பாதேங்கோ. பிறிஸ்ரல் போட் ஒண்டு வாங்கி, சின்னச் சாம்பிள் டப்பா எடுத்து ரெண்டு தரம் அடிச்சுக் காயவிட்டு அந்தச் சுவரில ஒட்டிப் பாருங்கோ. காலமை ஒருக்கா, பின்னேரம் மாமரத்துக்குள்ளால வெயில் விழேக்க ஒருக்கா, இரவு லைற் போட்டு ஒருக்கா. பச்சை மரத்தில பட்டு வாற வெளிச்சம் எந்தக் கலரிலயும் கொஞ்சம் பச்சையைப் பூசிவிடும், சாம்பல் கலர் எண்டா பாசி பிடிச்சது மாதிரிக் கிடக்கும். பல்ப்பையும் பாருங்கோ. எங்கட வீடுகளில போடுறது அனேகம் 6500 கெல்வின் வெள்ளை லைற், அதுக்குக் கீழ நேவி புளூ நல்ல நீலமாத் தெரியும். 3000 மஞ்சள் பல்ப்புக்குக் கீழ அதே பெயின்ற் கறுப்புக்குக் கிட்டப் போகும். பிள்ளைக்கு மேசைக்கு வெள்ளை, கட்டிலடிக்கு மஞ்சள் எண்டு ரெண்டும் குடுத்தா அவவே விளங்கிக் கொள்ளுவா.

லைற் ஸ்ரிப்பைப் பற்றியும் சொல்லிப்போடுறன். சுண்ணாம்புச் சுவரில அதின்ர பின்பக்கப் பசை நிக்காது, தூளோட கழண்டு வந்து கட்டிலில விழும். கட்டில் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால ஒட்டுங்கோ, வெளிச்சம் சுவரில பட்டு வடிவா வரும், கண்ணிலயும் குத்தாது. 12 வோல்ற் அடப்ரரை மெத்தைக்குக் கீழயோ தலாணிக்குப் பக்கத்திலயோ ஒளிக்க விடாதேங்கோ, சூடாகும்.

முற்றத்துமல்லி:

எல்லாருக்கும் நன்றி. மகளை இருத்தி எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன், மாமியின்ர பச்சை குத்துற கதைக்குச் சிரிச்சா, அதிலயே அரைவாசிப் பிரச்சினை முடிஞ்சுது. ஒரு சுவருக்கு ஓமெண்டிட்டா, ஆனா நீலமோ கடும் பச்சையோ எண்டு ரெண்டு பிறிஸ்ரல் போட்டை ஒட்டி வச்சுக்கொண்டு போற வாற ஆக்களிட்ட எல்லாம் வாக்குக் கேக்கிறா. அம்மா பச்சைக்குக் கை காட்டிப்போட்டா, அதாலயே நீலம்தான் வரும்போல கிடக்கு. மேற்குச் சுவருக்கு வெளிய போய்ப் பாத்தன், பிறஷ் தம்பி சொன்ன மாதிரியே அம்மாவின்ர குறோட்டன் சாடியள்தான் வரிசையா நிக்குது.

இனி எவ்வளவு பெயின்ற் வாங்கிறது? மற்றது சுவரில ஆணி அடிச்சா ஓட்டை பெருத்துச் சுண்ணாம்பு கொட்டுண்டுது, இந்தப் படங்களை எப்பிடிக் கொழுவுறது? பழைய மர அலுமாரி ஒண்டும் கிடக்கு, பச்சை எனாமல், அதையும் அவவுக்குக் குடுக்கலாம் எண்டு பாக்கிறன்.

சுன்னாகம்பிறஷ்:

தெற்குச் சுவர் 12க்கு 10 எண்டா 120 சதுர அடி. கடும் கலர் ரெண்டு தரத்தில மூடாது, மூண்டு தரம் அடிக்க வேணும், ஒரு லீற்றர் ஒரு தரத்துக்கு 110 சதுர அடி போகும் எண்டு வச்சா 4 லீற்றர் வாளி ஒண்டு காணும். முதல் அடிக்கிற அண்டர்கோட்டைச் சாம்பல் கலரா எடுங்கோ, நீலம் கெதியா மூடும். மற்ற மூண்டு சுவரும் கதவு யன்னல் போக 270க்குக் கிட்ட வரும், ரெண்டு தரம், 4 லீற்றரும் 1 லீற்றரும் எடுத்தாச் சரி. அதுக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், கொஞ்சம் கிறீம் கலந்த வெள்ளை எடுங்கோ, அடியில பூசுற சுண்ணாம்போட பெரிய வித்தியாசம் தெரியாது. சீலிங் வெள்ளையாவே இருக்கட்டும்.

அடிக்க முதல் உள்ளங்கையால சுவரைத் தடவிப் பாருங்கோ. கையில வெள்ளை ஒட்டினா அது பழைய சுண்ணாம்பு, அதுக்கு மேல எமல்ஷன் அடிச்சா ஆறு மாசத்தில தாள் உரியிற மாதிரி உரியும். நல்லாச் சுரண்டித் தூசு தட்டிப் பிரைமர் ஒண்டு அடிச்சுப்போட்டுத்தான் கலர். நீலத்தை மெசினில கலக்கேக்க அந்தக் கலர் நம்பரை வாளி மூடியில எழுதி வையுங்கோ, பேந்து ஒரு கீறல் விழுந்தா அதே கலர் எடுக்க உதவும். மினுக்கம் இல்லாத மற் பெயின்ற் எடுத்தா பழைய சுவரின்ர மேடு பள்ளம் தெரியாது. ஆனா கட்டிலடியில கை, தலை எண்ணெய் பட்டு ஊத்தை பிடிக்கும், துடைக்கக்கூடிய மற் எண்டு கேட்டு வாங்குங்கோ.

படத்துக்கு ஆணியை விடுங்கோ. ஒரு நீட்டுச் சலாகையை எடுத்து, ரெண்டு மூண்டு இடத்தில மட்டும் துளைச்சு றோல்பிளக் (ஸ்குரூ இறுக்கிற சின்னப் பிளாஸ்ரிக் குழாய்) வச்சு, ஆள் உயரத்துக்குச் சுவரோட இறுக்கிவிடச் சொல்லுங்கோ. துளைக்கேக்க சாந்தில விடாமல் கல்லில விழுற மாதிரி. பேந்து அந்தச் சலாகையில நூல் கட்டிக் கிளிப்பால எத்தினை படத்தையும் கொழுவலாம், ஏழு பேரையும் மாத்தி மாத்திக் கொழுவட்டும், சுவருக்கு ஒண்டும் ஆகாது.

வேப்பங்காத்து:

மேசைச் சாமானுக்குப் பிளாஸ்ரிக் டப்பா வாங்காதேங்கோ அக்கா. கற்பகம் எண்ட பனம்பொருள் கடையில சாயம் போட்ட ஓலைப் பெட்டியள் கிடக்கும், நீலச் சுவருக்கு முன்னால அந்தச் சிவப்பும் ஊதாவும் எடுப்பா நிக்கும். முதலில "அம்மம்மா வெத்திலை போடுற பெட்டி" எண்டு மூக்கைச் சுழிப்பா, ரெண்டு சிநேகிதியள் வந்து படம் எடுத்துக்கொண்டு போன உடன சரியாயிடும். திரைச்சீலைக்கு உங்கட பழைய கைத்தறிச் சீலையே காணும்.

அந்த அலுமாரிக் கதவுக்குத்தான் கறுப்பு அடியுங்கோ. பிளாக்போட் பெயின்ற் எண்டு ஹாட்வெயாரில சின்ன ரின்னில வரும், சோக்கால எழுதலாம், அழிக்கலாம். ஒரு பக்கம் கெமிஸ்றி, மற்றப் பக்கம் அவவின்ர பி.ரி.எஸ். கேட்ட கறுப்பும் கிடைச்சதாப் போகும்.

சுன்னாகம்பிறஷ்:

நல்ல ஐடியா, ஆனா அந்த அலுமாரியில கவனம் அக்கா. பழைய எனாமலில ஈயம் இருக்கலாம், இலங்கையில பெயின்றுக்கு ஈய வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இலதான், உங்கட அலுமாரி அதுக்கு எத்தினையோ காலம் முந்தினது. காஞ்ச சாண்ட்பேப்பரால உரஞ்சித் தூள் பறக்க விடாதேங்கோ, சுட்டும் உரிக்காதேங்கோ. வீட்டுக்கு வெளிய கொண்டுபோய்ச் சாக்கு ஒண்டுக்கு மேல வச்சு, தண்ணி தொட்டுத் தொட்டு வோட்டர் பேப்பரால மினுக்கம் போகுமட்டும் உரஞ்சினாக் காணும், பழைய பெயின்ற் முழுக்கப் போகத் தேவையில்லை. வாற ஊத்தையைத் துணியால துடைச்சு அந்தத் துணியையும் சாக்கையும் கட்டி எறிஞ்சு விடுங்கோ, கிணத்தடியில கழுவ வேண்டாம். அதைப் பிள்ளையைச் செய்ய விடாதேங்கோ. அவவுக்கு ரோலரைக் குடுத்துத் தெற்குச் சுவரை அடிக்க விடுங்கோ, மூலையளை மட்டும் ஆரும் பெரியாக்கள் பிறஷால வெட்டிக் குடுத்தாச் சரி.